பதினோரு பிள்ளைகளின் பெரியம்மா

பிள்ளையார்பாளையத்து நடுநிலைப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் யார் வருகிறார்களோ இல்லையோ, அம்சவேணி வந்துவிடுவாள். இத்தனைக்கும் அவளுக்கு அங்கே படிக்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. பெற்றது ஒரே மகன். அவனும் படித்து முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் கூட்டத்து நோட்டைப் புரட்டினால் பதினோரு பிள்ளைகளின் பேருக்கு நேரே அவள் கையெழுத்துதான். உறவு என்ற கட்டத்தில் பதினோரு தடவையும் கூசாமல் 'பெரியம்மா' என்று எழுதியிருப்பாள்.

"அம்சவேணி, காஞ்சிபுரத்திலேயே உங்க குடும்பம்தான் பெரிய குடும்பம் போலிருக்கு" என்று தலைமை ஆசிரியை ஜெயலக்ஷ்மி கிண்டல் செய்வார். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்து போகிறவர். இருபத்தைந்து நாற்காலி போட்டால் ஐந்து நிரம்புகிற கூட்டத்துக்கு இவளாவது வருகிறாளே என்று அவரும் விட்டுவிட்டார்.

இந்தப் பெரியம்மா உத்தியோகம் அவளுக்கு வந்து சேர்ந்த கதை பெரிய கதை ஒன்றுமில்லை. ஆரணிப் பக்கம், செய்யாற்றுப் பக்கம் என்று வெளியூரிலிருந்து பட்டுத்தறிக் குடும்பங்கள் இந்தத் தெருக்களுக்கு வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். தறி போட வீடு பார்த்துக் கொடுக்க ஆயிரம் பேர் உண்டு. பிள்ளையை எங்கே சேர்ப்பது, யாரைப் பார்ப்பது என்று கேட்டால் ஒருத்தருக்கும் வாய் வராது. அம்சவேணி வீடு வீடாகப் போய் நூலை வாங்கி வந்து, தறி நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கிறவள். பத்தாவது படித்தவள். வாயோ கேட்கவே வேண்டாம்.

"டிசி இல்லன்னா இன்னாம்மா? எட்டாவது வரைக்கும் சேத்துக்கினுதான் ஆவணும். வயசுக்கு ஏத்த வகுப்புல போடுவாங்க. பொஸ்தகம், துணி, சோறு எல்லாம் அவங்களே குடுப்பாங்க. புள்ளைக்கு ஒரு நம்பர் இருக்குது, ஆரணி ஸ்கூல்ல அதைக் கேட்டு வாங்கிக்கினு வா. நீ எந்த ஊருக்குப் போனாலும் அந்த நம்பர் கூடவே வரும்" என்று நின்ற நிலையில் சொல்லிக் கொடுப்பாள். சொன்னதோடு நிற்காமல் பிள்ளையின் கையைத் தானே பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தும் விடுவாள்.

சேர்ப்பதுவரை சரி. அதற்குப் பிறகு 'பெற்றோர் வரவும்' என்று ஒரு சீட்டு வருமே, அதில்தான் வந்தது வினை. பட்டு நெய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நெய்து முடித்த சேலையை முதலாளி வீட்டில் கொடுத்தால், பாயில் விரித்துப் போட்டு அங்குலம் அங்குலமாகப் பழுது தேடுவார்கள். இங்கே இழை விட்டிருக்கிறது, அங்கே கறை பட்டிருக்கிறது என்பார்கள். பதில் பேசத் தெரியாத நெசவாளி தானே போகமாட்டார். வாயுள்ளவர் யாரிடமாவது சேலையைக் கொடுத்து அனுப்புவார். பள்ளிக்கூடத்துச் சீட்டையும் அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளையை விரித்துப் போட்டுப் பழுது தேடக் கூப்பிடுகிறார்கள், நாம் எதற்கு அங்கே, அம்சவேணியக்கா போகட்டும்!

முதல் வருஷம் அவளும் மல்லுக்கட்டித்தான் பார்த்தாள். "வந்துதான் பாருங்களேன், கடிச்சா தின்னுடுவாங்க?" என்று சத்தம் போட்டாள். இரண்டாம் வருஷம் அவ்வளவாகச் சொல்லவில்லை. மூன்றாம் வருஷத்தில் கூட்ட நாளன்று காலையிலேயே தலைக்குக் குளித்து நல்ல சேலையாக எடுத்து வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள்.

பங்குனி உத்திரத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அந்தக் கூட்டம் நடந்தது. கூட்டம் முடிந்ததும் ஜெயலக்ஷ்மி டீச்சர் அவளை மட்டும் இருக்கச் சொன்னார்.

"எட்டாவது மஹாலட்சுமிக்கு நீங்கதானே வந்திருக்கீங்க? அந்தப் பொண்ணு கணக்குல புலிங்க. அரசு மாதிரிப் பள்ளிக்கு ஒரு பேர் அனுப்பச் சொல்லியிருக்காங்க. ஒன்பதாவதிலிருந்து அங்கேயே ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கணும். செலவு கிடையாது. நான் இவ பேரைத்தான் நினைச்சு வச்சிருக்கேன். வீட்ல அனுப்புவாங்களா? நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள சொல்லணும், கேட்டுட்டு வாங்க."

கேட்டுச் சொல்கிறேன் டீச்சர் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கேட்டுச் சொல்கிறேன் என்றால் அப்புறம் பெரியம்மாவுக்கு என்ன மரியாதை?

"இதைப் போயி கேக்கணுமா டீச்சர்? வயசுக்கு வந்த பொண்ணை ராத்தங்க விடற ஆளுங்களா அவங்க? காவேரிய எனக்குத் தெரியாதா? அனுப்ப மாட்டாங்க, விடுங்க."

டீச்சர் மார்க் பட்டியலைப் புரட்டினார். "அடுத்தபடியா இருக்கற பிள்ளைங்களுக்கு மார்க் போதாது. சரி, நம்ம ஸ்கூல்லேருந்து யாரும் இல்லைன்னு எழுதிடறேன்" என்றார்.

சாயங்காலம் வழக்கம்போல வீடு வீடாகச் சேதி சொல்லிக்கொண்டே காவேரி வீட்டுக்கு வந்தாள். காவேரியும் புருஷன் முத்துக்குமாரும் ஆரணிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து மூன்று வருஷம் ஆகிறது. அவர்கள் நெய்வது கோர்வைச் சேலை. உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோர்ப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். முத்துக்குமார் தறியில் உட்கார்ந்திருக்க, காவேரி பக்கத்தில் இருந்து கரைக்கான நூல் போகும் நாடாவைத் தள்ளுவாள். அந்த ஒற்றை அறை வீட்டில் தறி போக மிச்ச இடத்தில்தான் சமையல், தூக்கம் எல்லாம். மஹாலட்சுமி தறிச் சத்தம் தாளாமல் எதிர்வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து படிப்பாள்.

"உன் பொண்ணைப் பத்தி நல்லபடியாத்தான் சொன்னாங்க. கணக்குல புலியாம்" என்றாள் அம்சவேணி. மற்றதைச் சொல்லவில்லை. முடிந்துபோன விஷயம் எதற்கு?

காவேரி நாடாவை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "அக்கா, நானே உங்களைக் கேக்கணும்னு இருந்தேன். எட்டாவதோட இந்த ஸ்கூல் முடியுதே, அடுத்து இன்னா பண்றது? எங்க அண்ணன் பொண்ணு கவர்மென்ட் ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சிக்கினு இருக்குது. இங்கயும் அந்த மாதிரி எதுனா இருக்குதா? இந்த ரூம்ல அவளுக்குக் கால நீட்டக்கூட எடமில்லக்கா. அவ அப்பாவும் சரின்னுட்டாரு."

அம்சவேணிக்குச் சுருக்கென்றது. ஊரெல்லாம் பேசுகிற வாய். "பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். எதிர்வீட்டுப் படியில் இருந்த மஹாலட்சுமி "பெரியம்மா, டீச்சர் இன்னா சொன்னாங்க?" என்று கேட்டதற்கும் நிற்காமல் நடந்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தலைமை ஆசிரியை ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் அம்சவேணி எதிரே நின்றாள்.

"டீச்சர், அந்த மஹா பொண்ணு… அனுப்பறாங்களாம். பேரைச் சேத்துடுங்க. கையெழுத்து எங்க போடணும்னு சொல்லுங்க, நானே போடறேன்."

ஜெயலக்ஷ்மி டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "நேத்து மாட்டாங்கன்னீங்க. இன்னைக்கு அனுப்பறாங்கன்னு சொல்றீங்க. நேத்து அவங்களைக் கேட்டீங்களா?"

"இல்ல டீச்சர்."

"கூட்டத்துக்கு நீங்க வந்தா பரவாயில்லைன்னு நானும் இருந்துட்டேன், அது என் தப்பு. ஒரு பொண்ணை ஹாஸ்டலுக்கு அனுப்பறது அப்படி இல்லைங்க. அம்மாவோ அப்பாவோ வரணும், என்கிட்ட அவங்க வாயால சொல்லணும். பன்னிரண்டு மணிக்கு மேல வந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

பள்ளிக்கும் காவேரி வீட்டுக்கும் பத்து நிமிஷ நடை. அன்றைக்கு அம்சவேணிக்கு அரை மணி ஆயிற்று. வழியில் இரண்டு பொய்யை யோசித்து வைத்துக்கொண்டாள். டீச்சர் இப்போதுதான் சொன்னார் என்று சொல்லலாம். பேர் கேட்டு உத்தரவே இன்றைக்குத்தான் வந்தது என்றும் சொல்லலாம். இரண்டுமே நல்ல பொய்கள்தான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் தறியடியில் காவேரி நிமிர்ந்து பார்த்ததும் அம்சவேணி இரண்டையும் கைவிட்டாள்.

"காவேரி, நான் உனக்குத் துரோகம் பண்ணிட்டேன்மா" என்று ஆரம்பித்து, டீச்சர் கேட்டதையும் தான் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது தறி நின்றிருந்தது.

காவேரி கத்தவில்லை. கத்தியிருந்தால் அம்சவேணிக்குத் தேவலை என்றிருக்கும். "எங்களை ஒரு வார்த்த கேக்கலியேக்கா" என்று மட்டும் சொன்னாள்.

முத்துக்குமார் தறியில் இருந்தபடியே, "இப்ப இன்னா, நேரம் இருக்குது இல்ல? அக்கா, நீங்களே போயி டீச்சர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க" என்றார்.

"அவங்க எடுத்துச் சொன்னதாலதான் இந்த கதி" என்று காவேரி எழுந்தாள். மூலையில் திரும்பி நின்று சேலை மாற்றிக்கொண்டாள். தலையை அள்ளி முடிந்தாள். வாசல்வரை விறுவிறு என்று வந்தவள் அங்கே நின்றுவிட்டாள். கோபத்துக்குள்ளிருந்து பயம் எட்டிப் பார்த்தது. "நான் ரெண்டாவதுதான் படிச்சவ. அவங்க எதுனா கேட்டா நான் இன்னான்னு சொல்லுவேன்?"

நான் பேசிக்கிறேன் வா என்ற வார்த்தை அம்சவேணியின் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். "உன் பொண்ணைப் பத்தித்தான் கேப்பாங்க. உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு" என்றாள்.

ஏற்கெனவே தொடங்கியிருந்த உத்திரத் திருவிழாக் கூட்டத்தில் புகுந்து இரண்டு பேரும் நடந்தார்கள். பள்ளி கேட் வந்ததும் காவேரி, "செருப்பை எங்கக்கா கழட்டணும்?" என்று கேட்டாள்.

"கழட்ட வேணாம்மா. அப்படியே போகலாம்."

"நீங்க உள்ள வராதீங்க."

அம்சவேணி வரவில்லை. மூன்று வருஷமாகத் தன் வீட்டு வாசல் மாதிரி புழங்கிய கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றாள். பதினோரு மணி அடித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குச் சாம்பார் தாளிக்கிற வாசனை வந்தது. போகிறவர்கள் எல்லாம் "இன்னாக்கா, வெளிய நிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். என்ன பேசுகிறாளோ, அழுகிறாளோ, பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று உள்ளே எட்டி எட்டிப் பார்த்தாள். இரண்டு தடவை கேட்டில் கை வைத்துவிட்டு எடுத்தாள்.

பதினொன்றரைக்குக் காவேரி வெளியே வந்தாள். கையில் மடித்த காகிதம் ஒன்று.

"சேத்துக்கினாங்களா?"

"பேரைச் சேத்துக்கினாங்க. சனிக்கிழமை ஒரு பரீட்சை இருக்குதாம். மஹா எழுதிடுவான்னு சொன்னாங்க."

அம்சவேணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னா கேட்டாங்க?" என்றாள்.

காவேரி காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு நின்றாள். "உள்ள போயி செவுத்தோரமா நின்னேன். டீச்சர் எழுந்து வந்து நாற்காலிய இழுத்துப் போட்டு, உக்காருங்கம்மான்னாங்க. நான் விளிம்புலதான் உக்காந்தேன். மஹாவைப் பத்தி எங்களைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும், நீங்க சொல்லுங்கன்னு கேட்டாங்க. அவ ராத்திரி எப்ப தூங்குவா, எதுக்குக் கோவப்படுவா, எதைப் பாத்தா பயப்படுவான்னு ஒண்ணொண்ணாக் கேட்டாங்க. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கினாங்கக்கா. நான் சொன்னதை!" அவள் அம்சவேணி பக்கம் திரும்பினாள். "இன்னைக்கு மட்டும் இப்படியா, எப்பவுமே இப்படித்தானா?"

"எப்பவுமே இப்படித்தான்மா."

"உங்களையும் உக்கார வெச்சுத்தான் பேசுவாங்களா?"

"ஆமா."

காவேரி அவளை நேராகப் பார்த்தாள். "நம்பரு, டிசி, மார்க்கு, பரீட்சைன்னு எத்தினி விஷயம் வந்து சொன்னீங்க! இதை ஒரு நாளு, ஒரே ஒரு நாளு சொல்லியிருந்தீங்கன்னா நானே வந்திருப்பேனே அக்கா."

மறந்துவிட்டேன் என்று சொன்னால் காவேரி நம்பியிருப்பாள்.

"அதனாலதான்மா சொல்லல" என்றாள் அம்சவேணி.