குமஞ்சாய் என்று ஒருவன் இல்லை

உறைந்த கங்காரு வால் பொட்டலங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வெளியே வந்தான் குமஞ்சாய். அடுத்த கடை மதுக்கடை. வாசலில் வழக்கம்போல் போலீஸ் நின்றது. எங்கள் ஊரில் குடிக்கிறவனா, குடிக்காதவனா என்றெல்லாம் பார்ப்பதில்லை. தோலின் நிறத்தைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். புதிதாக மாற்றலாகி வந்திருந்த போலீஸ்காரர், ஆளை அடையாளம் காணும் கைக்கருவியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பேரு?"

"குமஞ்சாய்."

கருவி சிவப்பு காட்டியது. அவ்வளவுதான், வால் பொட்டலங்கள் தரையில் கிடக்க, அவனை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

அது அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல. ஆஸ்திரேலியாவின் நடுவில் உள்ள இந்தப் பாலைவனத்தில், பூர்வகுடிகளிடையே ஒருவர் இறந்துபோனால் துக்கம் தீரும்வரை அவர் பெயரை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். அதே பெயரில் உயிரோடு இருப்பவரையும் குமஞ்சாய் என்றுதான் கூப்பிட வேண்டும். சில நாட்களுக்கு முன் அவனுடைய மாமா காலமானார். மாமாவுக்கும் இவனுக்கும் ஒரே பெயர். உறவினர்கள் கூடித் தங்கியிருக்கும் துக்க முகாமில் சமைக்கத்தான் அந்த வால்கள். அவன் சொந்தப் பெயரை நானும் இங்கே எழுதப் போவதில்லை.

செய்தி கேட்டதும் அவன் அக்கா ரோசலி, துக்கத்துக்காக முகத்தில் பூசிய வெள்ளைச் சுண்ணாம்பைக்கூடக் கழுவாமல் காவல் நிலையத்துக்கு ஓடினாள். சார்ஜென்ட் டேரில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஊருக்கே கால்பந்து சொல்லிக் கொடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'கோச்'தான். சிறுநீரகம் கெடும்வரை குமஞ்சாய் அவருடைய அணியில் இடதுகால் ஆட்டக்காரன்.

"கோச், இன்னிக்கு அவனுக்கு டயாலிசிஸ். சாவு வீட்டுல இருந்ததால போன தடவையே போகல. இன்னிக்கும் போகலேன்னா செத்துருவான்."

"தெரியும் ரோசலி. ஆனா சிவப்பு விழுந்திருக்கே. சிவப்புன்னா துப்பாக்கிக் காவல் இல்லாம வெளிய அனுப்பக் கூடாது. ஆம்புலன்ஸ்ல ஏத்தணும்னாலும் காவல் வேணும். காவல் வண்டி நெடுஞ்சாலை விபத்துக்குப் போயிருக்கு."

"அப்படி என்ன குத்தம் பண்ணிட்டான்?"

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். குமஞ்சாய் என்ற பெயருக்குக் கீழே கத்திக்குத்து, கார் திருட்டு, கடை உடைப்பு என்று நீண்டுகொண்டே போனது. ரோசலி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"இது எங்கயோ தூரத்துல தெனன்ட் கிரீக் ஊர்ல நடந்தது. அதே நாள் காலையில இங்க ஒண்ணு. நடுவுல பறந்து வந்தானா? இங்க பாருங்க, ஆஸ்பத்திரியில பிரசவமாம்! என் தம்பி புள்ளை வேற பெத்தானா கோச்?"

டேரிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று அடக்கிக்கொண்டார்.

"இவன் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அது ஒத்துக்கணுமே."

'அது' என்று அவர் சொன்ன கருவி அடிலெய்டில் உள்ள ஒரு பாதுகாப்பு ஆய்வு மையத்தில் பிறந்தது. போலீசையும் புதிய தொழில்நுட்பத்தையும் இணைப்பதுதான் அந்த மையத்தின் வேலை. எதையாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் அவர்களுக்கு எங்கள் ஊர் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

டேரில் மையத்துக்குப் போன் போட்டு, ரோசலிக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். எடுத்தவர் கிர்ஸ்டன் என்ற பெண் ஆராய்ச்சியாளர். பதிவைத் திறந்து பார்த்தவருக்குக் குரல் மாறியது.

"ஐயோ, இது ஒரே ஆள் இல்லை. முகம் ஒரு பேரு, வாய் ஒரு பேரு சொன்னா, அடையாளத்தை மறைக்கிறவன்னு கருவி எடுத்துக்கும். குமஞ்சாய்னு சொன்ன இத்தனை பேரையும் ஒருத்தனா சேர்த்து வச்சிருக்கு. பெரிய குற்றவாளி ஒருத்தனைக் கண்டுபிடிச்சுட்டோம்னு நாங்க சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தோம்."

"அப்ப மாத்துங்கம்மா!" என்று ரோசலி கத்தினாள்.

"இயக்குநர் சொல்லாம நான் கைவைக்க முடியாது. அவர் கான்பெர்ரால அமைச்சர்களுக்கு இதைத்தான் விளக்கிக்கிட்டு இருக்கார், போனை அணைச்சு வச்சிருக்கார். நாங்க நிறம் மட்டும்தாங்க காட்டுவோம். முடிவெடுக்கிறது போலீஸ்."

"நிறத்தை மீறி முடிவெடுக்கக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு" என்றார் டேரில்.

"அப்ப அவன் உள்ள கிடக்கிறது யாரு முடிவு?" என்றாள் ரோசலி.



உள்ளேயிருந்து ஈனக் குரல் வந்தது. "கோச்... காலு மரத்துப் போச்சு. நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது."

ரோசலி மேசையில் ஓங்கி அறைந்தாள். "சாவி உங்க இடுப்புலதானே தொங்குது! கால்ல விழணுமா? விழறேன்!"

விழவும் செய்தாள். டேரிலின் கை சாவிக்குப் போனது. கண் திரைக்குப் போனது. சிவப்பு அப்படியேதான் இருந்தது. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். இந்த நேரத்தில் ஏன் வம்பு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"எழுந்திரு ரோசலி. ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கோ. வண்டி வந்துரும்."

வண்டி வரவில்லை. உள்ளே தொப்பென்று ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

அதன் பிறகு டேரில் யாருடைய உத்தரவையும் கேட்கவில்லை. கதவைத் திறந்தார், அவனைத் தோளில் தூக்கினார், தன் சொந்தக் காரில் போட்டுக்கொண்டு பறந்தார். பின் இருக்கையில் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள் ரோசலி. ஆஸ்பத்திரியில் நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். நின்றுபோன இதயம் திரும்பத் துடிக்கவில்லை. பாவி மகன், அவனுக்குச் சாகிற வயதா!

ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்த டேரிலின் போன் அடித்தது. கிர்ஸ்டன்தான்.

"சார்ஜென்ட், இயக்குநர் ஒத்துக்கிட்டார். இப்ப பச்சை ஆயிருச்சு. அவரை விட்டுரலாம்."

"விட்டாச்சும்மா. உயிரே போயிருச்சு."

எதிர்முனையில் விசும்பல் கேட்டது. "கருவியோட பிழைன்னு நாங்களே எழுதிடறோம். உங்க மேல எந்தப் பழியும் வராது" என்றார் கிர்ஸ்டன்.

"வரட்டும்மா!" என்றார் டேரில். "கருவிக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது, அவனையும் தெரியாது. எனக்கு ரெண்டும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். நீங்களும்தான் ஒளிஞ்சுக்கிட்டீங்க. கருவி தப்பு பண்ணும். அதைத் தடுக்கத்தானே மனுஷனை உட்கார வச்சிருக்கு? மனசாட்சியைக் கழட்டி அதுகிட்ட கொடுத்துட்டா, அப்புறம் நாம எதுக்கு? இதை நான் விசாரணையிலயும் சொல்லுவேன். நீங்களும் சொல்லணும்."

சுவரில் சாய்ந்திருந்த ரோசலி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முகத்துச் சுண்ணாம்பு கண்ணீரில் கரைந்து கழுத்துவரை வழிந்திருந்தது. அவள் அவரைத் திட்டவில்லை.

"நல்லாத்தான் பேசுறீங்க கோச்" என்றாள். "நான் உங்க கால்ல விழுந்து கிடந்தப்ப இதைப் பேசியிருக்கணும்."