செயின் கழலாத டாங்கி

கிழக்குத் தாம்பரத்தில், வேளச்சேரி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் தௌசிப் எட்டுக் கணினிகள் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தான். 2006ஆம் வருடம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடைக்கு அதிகம் பேர் வரமாட்டார்கள். வந்தாலும் தௌசிப்பின் கண்ணில் படமாட்டார்கள். அந்த நேரத்தில் அவன் போர்க்களத்தில் இருப்பான்.

விளையாட்டுதான். ஆனால் அதை விளையாட்டு என்று அவன் எதிரில் சொல்லிவிட்டு யாரும் லேசில் தப்ப முடியாது. எங்கெங்கோ இருக்கிற நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இணையத்தில் கூடி, இரண்டாம் உலகப்போர் டாங்கிகளை நிஜம்போலவே ஓட்டிச் சண்டை போடுவார்கள். ஒரு டாங்கிக்கு இரண்டு பேர். தௌசிப் ஓட்டுநர். பக்கத்துக் கணினியில் உட்கார்ந்து பீரங்கி சுடுகிறவன் அவனுடைய பள்ளித் தோழன் சுந்தர்சிங். இவர்களுடைய படைக்குத் தலைவர், பின்லாந்தில் தபால்காரராக இருக்கிற ஒரு கண்டிப்பான மனிதர். தொடர்ந்து மூன்று ஞாயிறு தௌசிப் ஒரே குன்றில் ஏற முடியாமல் பாதியில் நின்றுவிட்டதால், அவர் எழுதிவிட்டார்: 'இந்த வாரமும் மேலே வந்து சேராவிட்டால் உங்கள் டாங்கியை வேறு இருவருக்குக் கொடுத்துவிடுவேன்.'

அந்த வாரம் முழுக்கத் தௌசிப்புக்குச் சோறு இறங்கவில்லை.

டாங்கிக்கு ஸ்டியரிங் கிடையாது. கீபோர்டில் இடது பட்டனை அமுக்கினால், இடது பக்கச் சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் செயினுக்குப் பிரேக் விழும், வலது செயின் ஓடிக்கொண்டே இருக்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். கேட்க ரொம்ப சுலபம். பட்டனைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவிட்டாலோ முப்பது டன் வண்டி மூக்கைத் திருப்பிக்கொண்டு குறுக்கே நின்றுவிடும். சரிவில் அப்படித் திருப்பினால் செயின் சக்கரத்தை விட்டே கழன்றுகொள்ளும், அத்தோடு அன்றைய சண்டை முடிந்தது. தௌசிப் பைக் ஓட்டுகிற ரகம். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு முழம் இடம் கிடைத்தால் போதும், முறுக்கிவிடுவான். டாங்கியையும் அப்படித்தான் முறுக்கிப் பார்த்தான். அது மசியவில்லை.

அந்த ஞாயிறு நான்கு மணிக்குச் சண்டை தொடங்கியது. சமவெளி, ஓடை, தோப்பு எல்லாம் ஒழுங்காகக் கடந்தாயிற்று. குன்றுக்குப் போகும் நீளமான சாலையில் வண்டி ஏறியபோது மணி நாலு நாற்பது. நாலே முக்காலுக்குப் பள்ளிவாசலில் அஸர் தொழுகை. மற்ற வேளை எப்படியோ, அஸரை மட்டும் பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு, எல்லோருடனும் சேர்ந்து நின்றுதான் தொழுவது என்று அவன் தன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். சண்டையோ யாருக்காகவும் நிற்காது. சுந்தர்சிங்கும் பீரங்கியை விட்டு நகர முடியாது.

"ஜென்சி, இங்க வாம்மா."

ஜென்சி கடையில் டைப்பிங் வேலை பார்க்கிறவள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். வாயைத் திறந்து பேசுவது குறைவு.

"நான் தொழுதுட்டு வந்துடறேன். பத்து நிமிஷம். இத அமுக்கிப் புடிச்சினா நேரா போய்க்கினே இருக்கும். இது லெஃப்ட், இது ரைட். குன்னுகிட்ட வந்தா நிறுத்திடு, ஏறிடாத."

"அமுக்கிப் பிடிக்கணுமா?" என்றாள் ஜென்சி, ஏதோ கூடாத காரியத்தைச் செய்யச் சொன்னதுபோல.

"ஆமா, அவ்ளோதான்."

"மச்சான், இது இன்னா வேல?" என்று சுந்தர்சிங் ஆரம்பிப்பதற்குள் தௌசிப் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டான். அன்று தொழுகையில் மனம் எங்கே இருந்தது என்று கேட்டால் அவனால் பதில் சொல்ல முடியாது.

திரும்பி வந்து பார்த்தால் டாங்கி அடிவாரத்தில் இல்லை. குன்றில் பாதி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"நின்னா பின்னால வர்றவன் அடிச்சிருப்பான்டா. நான்தான் ஏறச் சொன்னேன்" என்றான் சுந்தர்சிங், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இன்னும் நாற்பது அடி போனால் அந்த வளைவு. இடிந்த கல்சுவர், வலப்பக்கம் பள்ளம். மூன்று வாரமும் செயின் கழன்றது அங்கேதான். எழுந்திரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத் தௌசிப் வாயைத் திறந்தான். கையையும் நீட்டிவிட்டான். அப்போதுதான் அவள் விரல்களைப் பார்த்தான்.

அவள் எந்தப் பட்டனையும் பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. தட்டினாள், எடுத்தாள், தட்டினாள், எடுத்தாள். முன்னே போகிற பட்டனில் ஒரே சீரான தட்டு. திருப்பம் வரும்போது இடது பட்டனில் பட்டும் படாமல் ஒன்று, சற்று விட்டு இன்னொன்று. முப்பது டன் இரும்பு, மாவு பிசைகிறவள் கைக்குள் திரும்புகிற மாவுபோல, கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைத் திருப்பியது. என்ஜின் சத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வளைவில் வலது செயின் பள்ளத்தின் விளிம்பைத் தொட்டபோது சுந்தர்சிங் மூச்சை இழுத்தான். ஜென்சி இரண்டு தட்டு தட்டினாள். விளிம்பு விலகியது. சுவர் பின்னால் போயிற்று.

தௌசிப் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். இரண்டு வருடமாக ஓட்டுகிறான், இப்படி ஒரு ஓட்டத்தை அவன் கண்டதே இல்லை. பொறாமைப்படக்கூட அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவு அழகாக இருந்தது.

உச்சியில் வண்டி நின்றது. மற்ற டாங்கிகள் வந்து சேரும்வரை இரண்டு நிமிடம் ஓய்வு.

"எப்டி ஜென்சி?"

"ஒண்ணும் செய்யலண்ணா. எனக்குப் பட்டன பிடிச்சுட்டு இருக்க வராது. டைப்ரைட்டிங் கிளாஸ்ல அப்படிப் பண்ணா மாஸ்டர் விரல்லயே ஒண்ணு போடுவார். அடிச்சா உடனே எடுத்துடணும்."

திரையில் பின்லாந்துக்காரரின் செய்தி வந்தது. 'தௌசிப், இந்தப் படையில் யாரும் இப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. அடுத்த வாரத்திலிருந்து முன்னணி டாங்கி உன்னுடையது.'

"தேங்க்ஸ் போட்டுட்டுப் போ மச்சான்" என்றான் சுந்தர்சிங். "அவருக்கு எப்டித் தெரியப்போவுது?"

தெரியாதுதான். தௌசிப் அந்த வரியை இன்னொரு முறை படித்தான். ஒரு வருடமாக அவன் ஏங்கிய வரி அது. நல்ல வேளையாக ஜென்சி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் குனிந்து அடித்தான்: 'ஓட்டியது நான் இல்லை. ஜென்சி. ஓட்டுநர் இடத்தில் அந்தப் பெயரைப் போடுங்கள்.'

பதில் வரச் சற்று நேரமாயிற்று. 'போடுகிறேன். ஆனால் ஒரு டாங்கிக்கு இரண்டு பேர்தான். உனக்கு இடம் இருக்காது. பரவாயில்லையா?'

தௌசிப் அதைச் சத்தமாகவே படித்தான். ஜென்சி சட்டென்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"வேணாண்ணா. நீங்களே உக்காருங்க."

"எழுந்திரிக்காத" என்றான் தௌசிப். "இன்னும் எறக்கம் பாக்கி கீது. அதுல நான் போனா அவ்ளோதான், நேரா கீழ கீற ஆத்துக்குள்ள."

'பரவாயில்லை' என்று அடித்து அனுப்பிவிட்டு, மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து, அவள் விரல்கள் நன்றாகத் தெரிகிற மாதிரி பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டான்.