ஐசி போச்சு

தவளக்குப்பம் ஜங்ஷனில் லேப்டாப் பழுது பார்க்கும் சூசைநாதனுக்கு, மூடியைத் திறக்கும் முன்பே நோயைச் சொல்லிவிடும் வியாதி உண்டு.

"சார்ஜர் போட்டுத்தான் இருக்குதுண்ணா, ஆனா சார்ஜ் எறங்கிட்டே போவுது. மூணு மணிக்கு ஆன்லைன் பரீட்சை," என்று சுவேதா லேப்டாப்பை நீட்டினாள். மணி இரண்டேகால்.

"சார்ஜிங் ஐசி போச்சு," என்றார் அவர், கைநாடி பார்த்த வைத்தியரைப் போல. சார்ஜ் ஏற்றும் அந்தச் சில்லைச் சூடாக்கிக் கழற்றும் ப்ளோயரையும் போட்டுவிட்டார்.

"ஆஃப் பண்ணி வச்சா ஃபுல்லா ஏறுதேண்ணா. கேமரா, பரீட்சை சாஃப்ட்வேர்லாம் ஓடுறப்பதான் எறங்குது."

ப்ளோயர் பிடித்த கை அப்படியே நின்றது. செத்த ஐசி சார்ஜ் ஏற்றுமா? வருகிற மின்சாரத்தை முதலில் லேப்டாப்பின் வேலைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத்தான் அது பேட்டரிக்கு அனுப்பும். வருவது போதாவிட்டால் பேட்டரியிலிருந்தும் எடுத்துக்கொடுக்கும். அப்படியானால் வரத்துதான் குறைவு. சார்ஜரைத் திருப்பிப் பார்த்தார். இருபது வாட். போன் சார்ஜர்!

"இத எந்த அறிவாளி குடுத்தான்மா?"

"நீங்கதாண்ணா, போன வாரம். பின்னு ஒண்ணுதான், தாராளமா போடுன்னீங்க."

சூசைநாதன் ப்ளோயரை அணைத்தார். தன் கடை லேப்டாப்பின் அறுபத்தைந்து வாட் சார்ஜரைப் பிடுங்கி சுவேதாவின் லேப்டாப்பில் செருகினார். கேமரா ஓடும்போதே ஒன்பது சதவீதம் பத்தானது, பதினொன்றானது.

"அப்ப ஐசி போவலயா?"

"அது என்னவிட வெவரம்மா. இன்னா வருதுன்னு பாத்துட்டுதான் வேல செய்யுது. இந்த சார்ஜர எடுத்துக்கினு வூட்டுக்கு ஓடு, இன்னும் அர மணி நேரம் இருக்குது."