முன்பணமும் பதினான்கு குறைகளும்

மார்ச் மாதம் முப்பதாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணி. மூன்றாம் மாடி, வலப்பக்க வீடு. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் பதினாறு மாதங்கள் கழிந்திருந்தன. ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவின்படி, காலம் முடியுமுன் வீட்டைக் காலி செய்பவர் இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர், சேதம் ஏதேனும் இருப்பின் அதற்குரிய தொகையை மட்டும் கழித்துக்கொண்டு, ஆறு மாத வாடகையான முன்பணத்தைச் சாவி வாங்கும் நாளிலேயே திருப்பித் தர வேண்டும். அவ்வீட்டில் குடியிருந்த ஆய்வுக்கூடப் பரிசோதகி ஜனவரி இருபத்தெட்டாம் தேதியே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தாள்.

காலி செய்வதற்குக் காரணம் அவள் அப்பா. முப்பது ஆண்டுகள் மின்கம்பம் ஏறிய லைன்மேன், டிசம்பரில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அன்று முதல் அவர் கீழே இறங்க வேண்டுமானால் ஒரு நாற்காலியும் இரண்டு ஆட்களும் வேண்டும். மருத்துவமனைக்கு அருகில் ஒரு தரைத்தள வீடு கிடைத்திருந்தது. அதன் உரிமையாளரான அம்மையார் நான்கு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டிருந்தார். அன்று மாலை ஐந்து மணி வரைதான் காத்திருப்பதாகவும் சொல்லிவிட்டார். அறுவைச் சிகிச்சை சேமிப்பைத் துடைத்துவிட்டதால், பரிசோதகிக்கு வரவேண்டிய பணம் இந்த மாடி வீட்டின் முன்பணம் ஒன்றுதான்.

அந்தப் பணம் பூதக்கண்ணாடியிடம் இருந்தது. அது வீட்டுக்காரருக்குக் குடித்தனக்காரர்கள் ஒருமனதாகச் சூட்டிய பெயர். எட்டு வீடுகளுக்குச் சொந்தக்காரர். பட்டப்பகலில் டார்ச் விளக்கோடு வந்து சுவரைத் தடவுகிறவர். அப்பா விழுந்த செய்தி கேட்டதும், "என் மனசே கேக்கலம்மா" என்று தொலைபேசியில் தழுதழுத்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பதற்கு மேல் ஒரு கொள்கையை அவர் வாழ்நாளில் கண்டதில்லை.

பத்து மணிக்கு வந்தவர் முதலில் விட்டத்தைப் பார்த்தார். பிறகு சுவர், கதவு, சன்னல், குழாய். ஒவ்வொன்றின்மீதும் வெளிச்சம் அடித்து, நாக்கைச் சப்புக்கொட்டி, முழுத்தாள் ஒன்றில் எழுதிக்கொண்டே போனார். அப்பாவின் கட்டிலுக்குப் பின்னால் மட்டும் இருபது நிமிடம். முக்கால் மணி நேர முடிவில் பதினான்கு குறைகள் சேர்ந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு தொகை. கூட்டினால் ஐந்தரை மாத வாடகை.

"இந்த ஓதம் நாங்க குடி வரும்போதே இருந்தது சார்."

"சுவருக்கு அதெல்லாம் தெரியாதும்மா. யார் இருக்கும்போது கண்ணுல படுதோ, அவங்க கணக்கு."

கட்டிலில் இருந்த அப்பா கேட்டார்: "அப்போ மழையையும் சேத்துத்தான் நாங்க வாடகைக்கு எடுத்தோமா?"

"பெரியவர் தமாஷா பேசுவார்" என்று பூதக்கண்ணாடி பல்லைக் காட்டினார். "அரை மாச வாடகை மிச்சம். அதைத் திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

பரிசோதகி தாளை வாங்கி ஒருமுறை முழுதும் படித்தாள். அவளுக்குக் கோபத்தைவிட அருவருப்பே மிகுந்தது. திருடுவதற்கும் ஒரு துணிவு வேண்டும். இந்த மனிதர் அதுகூட இல்லாமல் ஓதத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு திருடுகிறார்.

"கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தேதியும் போடுங்க."

சண்டை வரும் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு இது பாயசமாய் இனித்தது. எந்த மாடி, எந்தப் பக்கம் என்பதையும் தேதியையும் எழுதி, வால் நீண்ட கையெழுத்து ஒன்றும் போட்டுக் கொடுத்தார்.

அப்போது அழைப்புமணி அடித்தது.

பூதக்கண்ணாடியின் முகம் மாறியது. அவர் ஊரின் மறுகோடியில் இருப்பவர். இரண்டு தடவை பேருந்துக் கட்டணம் கொடுக்க மனம் வராமல், வீட்டைச் சோதிப்பதையும் புதியவர்களுக்குக் காட்டுவதையும் ஒரே காலையில் வைத்துக்கொண்டிருந்தார். பதினொன்றுக்கு வரச் சொல்லியிருந்த ரொட்டிக்கடைக்காரரும் அவர் மனைவியும் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து நின்றார்கள்.

"வாங்க, வாங்க!" டார்ச் பைக்குள் போயிற்று, குரலில் தேன் வந்தது. "சுவரைப் பாருங்க, முட்டை ஓடு மாதிரி! ஒரு பொட்டுக் கறை உண்டா? கதவெல்லாம் அசல் மரம். குழாயைத் திறந்தா அருவி! அதனாலதான் வாடகை காவாசி கூடச் சொன்னேன்."

பரிசோதகி வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் ஒரே கையிலிருந்து ஒரே நிமிடத்தில் எடுத்த இரத்தம் இரண்டு பிரிவாக இருக்க முடியாது. அப்படி ஒரு சீட்டு வந்தால் இரத்தத்தை யாரும் குறை சொல்லமாட்டார்கள்; எழுதியவனைத்தான் வெளியே அனுப்புவார்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் இந்த விலாங்கை அவள் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

ரொட்டிக்கடைக்காரரின் மனைவி, அடுப்புச் சூட்டுத் தழும்புகள் நிறைந்த கையால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீங்க எதுக்குக் காலி பண்றீங்க? வீட்டுல ஏதாவது கோளாறா?"

"அப்பாவால மாடி ஏற முடியலக்கா, அதான். வீட்டைப் பத்தி நான் சொன்னா நல்லா இருக்காது. சாரே எழுதியிருக்கார், படிச்சுப் பாருங்க."

அந்த அம்மாள் உரக்கப் படித்தார். "ஒண்ணு, கூடத்துச் சுவர் முழுக்க ஓதம். ரெண்டு, விட்டத்துல கசிவு. மூணு, கதவு ஊதி இழுத்துக்கிச்சு..." ஏழாவது வரும்போது கணவரைப் பார்த்தார். "ஏங்க, இது வீடா, வடிகட்டியா?"

பூதக்கண்ணாடி திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றார். "அது... அது வேற வீட்டோட லிஸ்ட்டும்மா."

"மூணாம் மாடி, வலப்பக்கம்னு போட்டிருக்கே? இன்னைக்குத் தேதி வேற."

"பழைய ஓதம்மா. எப்பவோ காஞ்சு போச்சு."

"பழைய ஓதத்துக்கா எங்ககிட்ட ஒண்ணரை மாச வாடகை புடிக்கிறீங்க?" என்றாள் பரிசோதகி.

 ரொட்டிக்கடைக்காரர் நிதானமாகச் சொன்னார்: "அண்ணே, நான் மாவு மூட்டை வெக்கறவன். ஈரம் இருந்தா கட்டி தட்டிடும். இருக்குன்னா வாடகையைக் குறைங்க. இல்லன்னா இந்தப் பொண்ணுகிட்டப் புடிக்காதீங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"பேனா என்கிட்ட இருக்கு" என்றார் அப்பா, தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டியபடி. "அடிச்சு அடிச்சுப் பக்கத்துல சுருக்கொப்பம் போடுங்க. நான் எண்றேன்."

பூதக்கண்ணாடி முதலில் சிறியவற்றை அடித்தார்: ஆணித் துளை, தாழ்ப்பாள், அடுப்புப் புகை. ஓதத்தில் சிறிது தயங்கினார். ரொட்டிக்கடைக்காரர் செருப்பைத் தேடுவதுபோல் வாசல் பக்கம் திரும்பியதும், அதையும் அடித்தார். பதினான்கும் போயின. தாளில் மிஞ்சியது அவர் கையெழுத்து மட்டுமே.

"ஒண்ணு விட்டுப்போச்சு" என்றாள் பரிசோதகி.

எல்லோரையும் குளியலறைக்கு அழைத்துப்போனாள். அப்பாவின் நடைச்சட்டத்தின் இரும்புக்கால் ஊன்றித் தரையில் ஒரு டைல்ஸ் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. சுவரில் கைப்பிடிக் கம்பிக்காக நான்கு துளைகளும் போட்டிருந்தாள். முக்கால் மணி நேரம் விட்டத்துக்கு வெளிச்சம் அடித்த மனிதர் தம் காலடியைப் பார்க்கவே இல்லை.

"பாப்பா, அவரே பாக்கல. நீ ஏன் வலியப் போய்..." என்று கட்டிலிலிருந்தே அப்பா குரல் கொடுத்தார்.

"அவர் பாக்கலன்னா உடையலன்னு ஆயிடுமாப்பா? ஒரு டைல்ஸுக்காக நானும் இவர் வரிசையில போய் நிக்கணுமா?"

பூதக்கண்ணாடிக்கு அதன் பொருள் எட்டவில்லை. புதிதாய் ஏதோ கிடைத்த மகிழ்ச்சியில், "அப்போ துளைக்கும் சேத்து..." என்று தொடங்கினார். ரொட்டிக்கடைக்காரரின் மனைவி முடிக்க விடவில்லை. "அந்தக் கம்பி அப்படியே இருக்கட்டும். என் மாமியாருக்கு ஆகும்."

பணத்தைத் திங்கட்கிழமை தருவதாகச் சொல்லிப் பார்த்தார். பரிசோதகி ஏழாம் பிரிவை மட்டும் படித்துக் காட்டினாள். சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். கடைசியில் அவர் கைப்பேசியை எடுத்து, ஒவ்வொரு எண்ணையும் பல்லைப் பிடுங்குவதுபோல் அழுத்தினார்.

இறுதியாக முடிவானவை பின்வருமாறு. ஒரு டைல்ஸின் விலையும் அதைப் பதிக்கும் கூலியுமாக மூன்று நாள் வாடகை கழிக்கப்பட்டது. எஞ்சிய முன்பணம் பதினொன்றே முக்காலுக்குப் பரிசோதகியின் வங்கிக் கணக்கில் சேர்ந்தது. முன்னதாகக் காலி செய்ததற்காக வேறெதுவும் பிடிக்கப்படவில்லை. தாளில் படித்ததைச் சொல்லி, காவாசி கூடத் தர மறுத்த ரொட்டிக்கடைக்காரர் பழைய வாடகைக்கே வீட்டை எடுத்துக்கொண்டார். குடிவருமுன் விட்டத்துக் கசிவை உரிமையாளர் தம் செலவில் அடைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதவும் வைத்தார். மூன்று மணிக்கு இரண்டு ஆட்கள் அப்பாவை நாற்காலியில் வைத்துக் கீழே இறக்கினார்கள். அதன்பின் சாவி ஒப்படைக்கப்பட்டது. நான்கு மணிக்குத் தரைத்தள வீட்டின் முன்பணம் கட்டப்பட்டு, ரசீது பெறப்பட்டது.