பயிற்சித்தாள் கேட்காத பக்கம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் நீங்கள் என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியிருக்காது.

நான் சிறுவர்களுக்கு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு புத்தகக் கடைக்குப் போய், சமையல் நூல்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, என் புத்தகத்தை யாராவது எடுக்கிறார்களா என்று வேவு பார்ப்பது என் பழக்கம். (எழுத்தாளர்கள் பலருக்கும் இது உண்டு. கேட்டால் ரசப்பொடி பற்றிப் படித்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள்.) அப்படி நின்ற ஒருநாள் ஓர் ஆசிரியை வந்தாள். தோளில் பள்ளியின் பெயர் போட்ட துணிப்பை. கடைக்காரர் செல்லக்கண்ணு, “டீச்சர், நீங்க கேட்ட மாதிரி வகைவகையா எடுத்து வச்சிருக்கேன்” என்றார். நாட்டுப்புறக் கதை, அறிவியல், மர்மக் கதை, படக்கதை, பாட்டு என்று மேசையில் தனித்தனிக் குவியல்கள்.

ஒரு குவியலில் இருந்து என் புத்தகத்தை எடுத்தாள். அட்டையைப் பார்க்கவில்லை. முதல் பக்கத்தையும் பார்க்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள், உதட்டைப் பிதுக்கினாள், வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் எழுத உட்கார்ந்தேன். அவளுக்கு மோகனப்பிரியா என்று பெயர் வைத்தேன். அவளை ஒரு வழி பண்ணிவிடுவது என்பதுதான் திட்டம்.

2

முதல் தொடக்கம்: ‘மோகனப்பிரியாவுக்குப் புத்தகம் என்றாலே ஆகாது. பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும். அவள்—’

இது பொய். ஏனென்றால் அன்றைக்கே, என் கண்ணெதிரிலேயே, அவள் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு மர்மக் கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். செல்லக்கண்ணு பில் போடக் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. ஓரிடத்தில் “அடப்பாவி!” என்று சத்தமாகவே சொன்னாள். இப்படிப்பட்டவளை வில்லியாக்க எனக்குக் கை வரவில்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘உட்லண்ட்ஸ் வட்டாரத் தொடக்கப்பள்ளி ஒன்றில், பல்வகை நூல்களைத் தெரிவுசெய்து மாணவர்களிடையே வாசிப்பு ஆர்வத்தை வளர்க்கும் உயரிய நோக்குடன்—’

இது கதை இல்லை, ஆண்டறிக்கை.

மூன்றாவது முறை நான் எழுதவில்லை, யோசித்தேன். இவ்வளவு ஆசையாகப் படிக்கிறவள் எதற்காக முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்? அங்கே எதைத் தேடினாள்? இனி வருவதெல்லாம் அந்தக் கேள்விக்கு நானாகக் கட்டிக்கொண்ட பதில்.

3

அவள் தேடியது அருஞ்சொற்பொருள். கடைசிப் பக்கத்தில் சொற்பட்டியல் இருந்தால் பயிற்சித்தாள் தயாரிக்கச் சுலபம்.

மோகனப்பிரியாவின் தொடக்கநிலை நான்கு தமிழ் வகுப்பில், ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் ஓர் உறை ஒட்டியிருக்கும். உறைக்குள் பயிற்சித்தாள். கதையைப் படி, கேள்விக்குப் பதில் எழுது, பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம் வாங்கிக்கொள். தாள்களை அவளே தயாரித்தாள். ஓரத்தில் பூனை, பட்டம் என்று வரைந்து, வண்ணமும் அடித்தாள். உட்லண்ட்ஸில் ரயில் ஏறி நியூட்டனில் மாறி, வார விடுமுறையைக் கடையில் கழித்து, வீட்டில் உட்கார்ந்து உறை ஒட்டுகிற பெண்ணைச் சோம்பேறி என்று என்னாலும் சொல்ல முடியாது.

நட்சத்திரங்களில் முதலிடம் ரக்ஷனாவுக்கு. வீட்டில் முழுக்க ஆங்கிலம். ஆனாலும் வகுப்பில் அதிகமான தமிழ்ப் புத்தகங்களை முடித்தவள் அவள்தான். துறைத்தலைவர் அண்ணாதுரை பெற்றோர் கூட்டத்தில் அவளைத்தான் உதாரணம் காட்டுவார்.

அந்த மர்மக் கதை வகுப்புக்கு வந்தது. பாசிர் ரிஸ்ஸில் ஓர் அடுக்குமாடி புளோக்கில் பூனைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. யார் எடுக்கிறார்கள் என்பதுதான் கதை. ரக்ஷனா இரண்டே நாளில் தாளை நிரப்பிக் கொடுத்தாள். எல்லாப் பதிலும் சரி. மோகனப்பிரியாவுக்கு ஆசை தாங்கவில்லை.

“ஏய், சொல்லு! அது யாருன்னு தெரிஞ்சப்போ உனக்கு எப்படி இருந்துச்சு? நான் அடப்பாவின்னு கத்திட்டேன்.”

ரக்ஷனா முழித்தாள். “யாரு டீச்சர்?”

“பூனைய எடுத்தது யாரு?”

“அது கொஸ்டின்ல இல்லையே.”

“கேள்வில இல்லம்மா, கதையில.”

“நான் கொஸ்டின் ஃபர்ஸ்ட் பாப்பேன் டீச்சர். அந்த வேர்ட் புக்ல எங்க இருக்குன்னு தேடுவேன். அந்த லைன காப்பி பண்ணிடுவேன். ரொம்ப ஈஸி லா. எல்லாரும் அப்படித்தான்.” திருட்டுமுழி எதுவும் இல்லை. டீச்சருக்கு ஒரு நல்ல வழி சொல்லிக்கொடுத்த திருப்திதான் முகத்தில் இருந்தது. “லாஸ்ட்ல எப்பவும் கொஸ்டின் வராது. அதனால லாஸ்ட் பேஜ் பாக்கவே வேணாம்.”

கடைசிப் பகுதியில் இருந்து மோகனப்பிரியா கேள்வி கேட்டதே இல்லை என்பது உண்மை. தாளை முதலில் எடுத்துப் பார்க்கிற பிள்ளைக்கு முடிவு தெரிந்து சுவை கெட்டுவிடக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் செய்தது.*

* இப்படி ஒரு பிழையைக் கதைகளை நிஜமாகவே நேசிக்கிற ஆசிரியையால் மட்டுமே செய்ய முடியும். இதை எழுதியபோது என் கோபத்தில் பாதி போய்விட்டது.

அன்று அவள் ஆசிரியர் அறைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் இத்தனை நட்சத்திரங்கள் இருந்தன, ஒரு கதைக்குக்கூட முடிவு தெரிந்த பிள்ளை இல்லை. அழுகை வந்தது, அழுதாள்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். பத்து வயதுப் பிள்ளை இவ்வளவு வெளிப்படையாகவா பேசும்? உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் என் மகள் அனுப்ரியாவிடம் கேட்டேன். “அப்பா, நாங்களும் அப்படித்தான் செஞ்சோம். உங்களுக்குத் தெரியாதா?” என்றாள். சந்தேகம் தீர்ந்தது. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொரு சபலமும் வந்தது. பேனா என் கையில்தானே இருக்கிறது? ‘மனம் மாறிய மோகனப்பிரியா மறுபடியும் கடைக்கு ஓடினாள். அன்று வைத்துவிட்டு வந்த அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தை நெஞ்சோடு—’

வேண்டாம். எனக்கே கூச்சமாக இருக்கிறது. என் புத்தகம் இதோடு இந்தக் கதையிலிருந்து விலகிக்கொள்கிறது.

5

“தாளே இல்லாமலா?” என்றார் அண்ணாதுரை.

“ஆமா சார். உறையெல்லாம் பிச்சு எடுத்துடலாம்னு இருக்கேன். புதுசா வாங்கற புக்லயும் ஒட்ட வேணாம்.”

“அப்ப படிச்சாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்? பேரன்ட்ஸ் கேட்டா நான் என்ன காட்டுறது?” அவர் கெட்டவர் இல்லை. தமிழ் வகுப்புக்கு ஒரு புத்தக அலமாரி வாங்குவதற்கே பல கூட்டங்களில் தொண்டை வறளப் பேசியவர். புதிதாக வந்த புத்தகங்களைப் புரட்டியவர் ஒன்றில் நின்றார். “இது என்ன, பேய்க் கதையா?”

“கிராஞ்சில கடைசி பஸ்ல ஏறுற பேய், சார்.”

“நீதிக்கதையெல்லாம் கொறைஞ்சிருக்கே.”

“நாலு இருக்கு சார். ஜோக் புக் இருக்கு, ஃபுட்பால் இருக்கு, ஆக்டோபஸ் பத்தி இருக்கு. எல்லா வகையும் இருக்கணும்னுதானே சொன்னீங்க?”

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். “சரிம்மா. ஒரு டேர்ம் டைம் தர்றேன். கடைசில நானே வகுப்புக்கு வந்து கதை கேப்பேன். ஒழுங்கா சொல்லிட்டாங்கன்னா உங்க வழிக்கு விட்டுடறேன். இல்லன்னா எல்லாப் புக்குக்கும் மறுபடியும் தாள். சரியா?”

“சரி சார்” என்றுவிட்டாள்.

உறைகளைப் பிய்த்தபோது பின்னட்டைகள் கிழிந்தன, பசைநாடா போட்டாள். வகுப்பில், “யாரும் எந்தப் புக்கையும் எடுக்கலாம். பிடிக்கலைன்னா பாதியில வச்சிடலாம்” என்று அறிவித்தாள். பிள்ளைகள் நம்பாமல் பார்த்தார்கள். பிறகு நம்பினார்கள். ஒருவன் ஒரே வாசிப்பு நேரத்தில் ஒன்பது புத்தகங்களைப் பாதியில் வைத்தான். பிற்பாடு ஆக்டோபஸ் புத்தகத்துக்கு அடிதடி நடந்தது, உள்ளே ஒரு படத்துக்காக. ஆனால் முழுதாகப் படித்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. நட்சத்திரப் பட்டியல் இருந்த சுவர் வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மோகனப்பிரியாவுக்குப் பயமாக இருந்தது.

எல்லோரையும்விடத் தவித்தது ரக்ஷனாதான். பேய்க் கதையைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கு வந்து நின்றாள்.

“இதுல என்ன கண்டுபிடிக்கணும் டீச்சர்?”

“ஒண்ணும் கண்டுபிடிக்க வேணாம்மா. படி, போதும்.”

“அப்புறம் எதுக்குப் படிக்கணும்?”

மோகனப்பிரியா வாயைத் திறந்தாள். பயிற்சிக் கல்லூரியில் இதற்குப் பதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு வரிகூட இந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்கிற மாதிரி இல்லை. “தெரியல. படிச்சுட்டு நீ சொல்லேன்” என்றாள்.

6

எனக்கு முன்னால் இப்போது இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

(அ) ரக்ஷனா எழுந்து கதையை ஏற்ற இறக்கத்தோடு தெள்ளத் தெளிவாகச் சொல்லி முடிக்கிறாள். அண்ணாதுரை கண்கலங்கிக் கைதட்டுகிறார். பின்னாளில் அவள் பெரிய எழுத்தாளராகி— [எனக்கே கொட்டாவி வருகிறது.]

(ஆ) யாருக்கும் எதுவும் சொல்லத் தெரியவில்லை. உறைகள் திரும்ப வருகின்றன. மோகனப்பிரியா மறுபடியும் பூனை வரைகிறாள். [நடக்கக்கூடியதுதான். அதனாலேயே எழுத மனம் வரவில்லை.]

இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு, அண்ணாதுரையை மட்டும் வகுப்புக்குள் அனுப்பினேன்.

டேர்ம் முடிவில் வந்தார். வாசலிலேயே ரக்ஷனாவைக் கண்டுகொண்டார், அவருக்குத் தெரிந்த முகம் அதுதான். அவள் மேசைமேல் பேய்க் கதை இருந்தது.

“என்னம்மா, படிச்சிட்டியா?”

“படிச்சிட்டேன் சார்.”

“அந்தப் பேய் யாரு? கடைசில என்ன ஆச்சு?”

ரக்ஷனா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“தெரியலையா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சா சொல்லேன்.”

ரக்ஷனா தலையை ஆட்டி மறுத்தாள். மோகனப்பிரியா பொறுக்க முடியாமல், “சொல்லும்மா, சார் கேக்குறாங்கல்ல” என்றாள். குரல் கெஞ்சியது.

ரக்ஷனா டீச்சரைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள். “சார், நீங்க இத படிச்சிட்டீங்களா?”

“இல்லம்மா.”

“அப்ப சொல்ல மாட்டேன், சார். சொன்னா ஸ்பாயில் ஆயிடும் லா.” புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் நீட்டினாள். “நீங்களே படிங்க. பஸ் ஸ்டாப் வர்ற இடத்துல மட்டும் ஸ்லோவா படிங்க. ஸ்கிப் பண்ணாதீங்க.”

பின்வரிசையில் ஒருவன், “ரக்ஷனா, அந்த அங்கிள்தானே—” என்று ஆரம்பித்தான். “டேய், வாய மூடு!” என்று பாதி வகுப்பு அவன்மேல் பாய்ந்தது. பாதி வகுப்பு! மோகனப்பிரியா எண்ணவில்லை, எண்ணத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் அவளுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. எனக்கும்தான்.

அண்ணாதுரையின் கையில் புத்தகம் இருந்தது. அவர் கேட்டது ஒழுங்காகச் சொல்லப்பட்ட கதையை. கிடைத்தது அது இல்லை. பேச்சுப்படி பார்த்தால் உறைகள் திரும்பி வரவேண்டும். அவர் பின்னட்டையைத் திருப்பிப் பசைநாடாவைத் தடவிப் பார்த்தார். பிறகு, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார்.

7

படித்து முடித்ததும் அவர் என்ன முடிவு செய்தார் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவர் இப்போதுதான் முதல் பக்கத்தில் இருக்கிறார், சொற்களுக்கு அடியில் விரலை வைத்து நிதானமாகப் போகிறார். பேருந்து நிறுத்தம் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரை வகுப்பு மூச்சுவிடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ரக்ஷனா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருக்கிறாள்.

நீங்களும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். அவர் நிமிர்ந்து என்ன சொல்கிறார் என்பதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வதாக இல்லை.