குல்ஷன் பல்லுக்கு எந்தப் பசை?

1

குமணன்சாவடியில் ஒரு ஹார்டுவேர் கடைக்குக் குழாய் ஒட்டும் பசை வாங்கப் போனேன். கொசுறாகக் கிடைத்தது இந்தக் கதை. கடைக்காரர் உஸ்மான் கனி. பல்லுக்குக் கம்பி போட்டிருப்பது அவர் மனைவி குல்ஷன், வயது நாற்பது. (சொன்னவர் கணவர். அவளிடமே கேட்டிருந்தால் பேரம் பேசி முப்பத்தைந்தில் முடித்திருப்பாள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பல் சீரமைப்புச் சிகிச்சையில் கிருமித் தடுப்புப் பசையின் பங்கு மிகவும்...' எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். கம்பியைத் தாங்க, பல்லில் பசை வைத்து ஒட்டும் குட்டித் துண்டுக்கு பிராக்கெட் என்று பெயர். (இதுவும் பிராக்கெட்தான். கழன்றால் யாருக்கும் வலிக்காது.) அதன் ஓரத்தில் கிருமி தங்கினால் பல்லில் வெள்ளைத் திட்டு விழும், பிறகு சொத்தை.

"இந்தப் பசைல கிருமி அவ்ளோ சீக்கிரம் புடிக்காது. அதுக்காக பிரஷ் பண்றத விட்றாதீங்க" என்றார் பல் டாக்டர் கிருஷ்ணப்பிரியா.

உஸ்மான் கனி காதில் 'புடிக்காது' மட்டும் விழுந்தது. பசை விற்கிறவரிடம் சொல்கிற வார்த்தையா அது?

3

ஞாயிற்றுக்கிழமை. பிரியாணி எலும்பைக் கடித்ததில் ஒரு பிராக்கெட் கழன்றது. கிளினிக் பூட்டியிருந்தது. சாயங்காலம் குல்ஷனின் அண்ணன் வீட்டில் நிச்சயதார்த்தம்.

உஸ்மான் கனி கடையிலிருந்து சின்ன டியூபோடு வந்தார். "புடிக்காதுன்னு அந்தம்மாவே சொல்லிச்சே! இது நம்ம சரக்கு. செருப்பு, பக்கெட்டு, இன்னா வேணா புடிக்கும். வாயத் தொற."

"கிருமி புடிக்காதுன்னாங்க. நீங்க எத்தக் கேட்டுகினு வந்தீங்க? நான் இன்னா செருப்பா?"

"செருப்பு இவ்ளோ பேசாது, குல்ஷன்."

சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு.

(இங்கே அவரை முட்டாளாக்கியிருந்தேன். திருத்துகிறேன்.) சின்ன வயதிலிருந்தே அப்படிச் சிரித்தவள். கம்பி போட்ட பிறகுதான் கையை எடுத்தாள். இப்போது கை மறுபடி வாய்க்குப் போனதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மெய்யாலுமே புடிக்குமா?" என்று கேட்டுவிட்டு, வாயைத் திறந்தாள்.

4

முடிவு ஒன்று: ஒட்டிவிடுகிறார். ஈறு வெந்து, டாக்டர் சுரண்டும்போது பல்லின் மேல்பூச்சும் சேர்ந்து... வேண்டாம். வியாபாரிகள் நடுவில் வளர்ந்தவன் நான். கெட்ட சரக்கை உங்கள் தலையில் கட்ட மாட்டேன்.

முடிவு இரண்டு: டாக்டர் போனை எடுத்து, "டப்பால போட்டு நாளைக்கு எடுத்துட்டு வாங்க" என்கிறார். அருமை. ஆனால் ஞாயிறு மதியம் போன் எடுக்கும் டாக்டரை நீங்கள் நம்புவீர்களா?

குல்ஷன் வாயைத் திறந்தபடி நிற்கிறாள். அவர் டியூபின் மூடியைத் திருகிவிட்டார். மிச்சத்தை உங்களிடம் விடுகிறேன். அவசரமே வேண்டாம். அந்தப் பசை மூடி திறந்தால் காற்றிலேயே இறுகிவிடும். நீங்கள் தயங்கத் தயங்க, அவள் பல்லுக்கு நல்லது.