இரண்டரை அடி உயரத்தில் ஒரு சுவிட்ச்

கூடுவாஞ்சேரியில் தன் கடை வாசலில் நின்றுகொண்டே ஜெகதீசன் வேலையைச் சொன்னார். சிறைக்குள் ஓர் அறை. பதினைந்து நாளில் முடிக்க வேண்டும். ஒயரிங் முழுக்கப் புதிது. ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, சுவிட்ச் அறைக்குள்ளேயே. சிறை அறைகளில் சுவிட்ச் வெளியே வராந்தாவில்தான் இருக்கும். ஆனால் இந்த அறையை வீடியோ எடுத்து வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்றார். எந்த நாடு என்று ஸ்டான்லி கேட்டான். போர்ச்சுகல் என்றார் ஜெகதீசன். அரசாங்க ரகசியத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டு ஓடிப்போன ஆளாம். இப்படிப்பட்ட அறையில்தான் வைப்போம் என்று காட்டினால்தான் அந்த ஊர் நீதிபதி அனுப்பி வைப்பாராம்.

அந்த ஆள் ஸ்டான்லியின் மனைவி ஜெனிட்டாவின் அண்ணன் தேவசகாயம். ஸ்டான்லி ஜெகதீசனிடம் எலக்ட்ரிசியனாகச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கு இந்த உறவு தெரியாது. ஸ்டான்லி அப்போது சொல்லவுமில்லை.

தேவசகாயம் செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். ராணுவத் தளத்துக்காக மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் எடுக்கப்போகும் நிலங்களின் பட்டியல் அவர் மேசைக்கு வந்தது. ஏழு குப்பங்களின் பெயர் அதில் இருந்தது. அங்கே குடியிருந்த யாருக்கும் விஷயம் தெரியாது. பட்டியல் செய்தித்தாளில் வந்த வாரத்தில் அவர் விமானம் ஏறிவிட்டார். இரண்டு வருடமாக லிஸ்பனில் ஜாமீனில் இருக்கிறார். ஒரு ஹோட்டல் சமையலறையில் வெங்காயம் உரிக்கிறார். வாரம் ஒருமுறை காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

அவர் செய்தது சரியா என்று ஸ்டான்லியால் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை. கருங்குழி டீக்கடையில் அதைப் பற்றிப் பேச்சு ஓயவே இல்லை. ராணுவ ஃபைலை வெளியே விட்டவனைத் தூக்கி வந்து உள்ளே போடவேண்டும் என்று ஒருவர் சொல்வார். குப்பத்து ஜனங்களுக்கு அவர் சொல்லாமல் வேறு யார் சொல்லியிருப்பார்கள் என்று இன்னொருவர் கேட்பார். ஸ்டான்லி டம்ளரைப் பார்த்துக்கொண்டு இருப்பான். இருவர் சொல்வதும் அவனுக்குப் புரிந்தது. புரியப் புரிய அவன் பேச்சு குறைந்தது.

தேவசகாயத்தைப் பற்றி அவனுக்கு உறுதியாகத் தெரிந்தவை வேறு. அப்பா அம்மா போன பிறகு தங்கையை அவர்தான் வளர்த்தார். எலக்ட்ரிசியனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று சபையில் சிலர் கேட்டபோது, நம் வீட்டில் வெளிச்சத்துக்குப் பஞ்சமிருக்காது என்று சொல்லிச் சிரித்தவர் அவர்தான். பேருந்திலிருந்து விழுந்ததில் அவருக்கு வலது கை தோளுக்கு மேல் தூக்க வராது. விழுந்த பிறகு நான்கு வருடம் இவர்கள் வீட்டில்தான் இருந்தார். பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு விடியும்வரை படிப்பார்.

சிறை வேலையைப் பற்றி அன்றைக்கே ஜெனிட்டாவிடம் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மூன்றாவது தண்ணீரையும் ஊற்றிவிட்டுப் பானையை அடுப்பில் வைத்தாள். அறை நன்றாக இருந்தால் அண்ணனை அனுப்பிவிடுவார்கள். மோசமாக இருந்தால், அப்படியும் அனுப்பிவிட்டால், அந்த மோசமான அறையில் அவர்தான் கிடக்க வேண்டும். முடியாது என்று ஸ்டான்லி சொன்னால் வேறொருவன் செய்வான். எப்படிச் செய்வான் என்று யாருக்குத் தெரியும். இதையெல்லாம் இருவரில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ஒயுங்கா பண்ணுங்க" என்றாள் கடைசியில். "வந்தா அதுல அவுருதான இருக்கணும்."

சிறை வாசலில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே பார்த்ததை, செய்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று அதில் இருந்தது. ஒன்பது நாள் வேலை. ஒயர் குழாய் பதிக்கச் சுவரை வெட்டும்போது சுவிட்ச் பெட்டிக்கு அளவு குறிக்க வேண்டியிருந்தது. நாலரை அடி என்பது வழக்கம். ஸ்டான்லி பென்சிலை நாலரையில் வைத்தான். பிறகு கீழே இறக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில், இரண்டரை அடியில் கோடு போட்டான். யோசித்துச் செய்ததாக அவனுக்கு ஞாபகமில்லை. வீட்டில் அந்தப் பக்கத்து அறையில் தேவசகாயத்துக்காகப் போட்ட அதே அளவு. ஏன் இவ்வளவு கீழே என்று ஜெகதீசன் கேட்டதற்கு, மேலே சுவர் ஈரமாக இருக்கிறது என்றான். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இதை மட்டும் ஜெனிட்டாவிடமும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தேவசகாயம் வீடியோவில் அழைத்தார். அங்கே காலை. தாடி வைத்திருந்தார், நரைத்திருந்தது.

"இன்னா மாப்ள, உன் கைவேல கோர்ட்ல ஓடுது. ஜட்ஜ் ரெண்டு வாட்டி நிறுத்திப் பாத்தாரு."

ஸ்டான்லி கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். சுவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம். உலகத்தில் வேறு எவன் சுவிட்சை முழங்காலுக்கு மேலே ஒரு ஜாண் விட்டு வைப்பான் என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் மீதியைச் சொன்னார். அவருடைய வக்கீல் வாதத்தில் பெரிதாக நம்பியிருந்தது அந்தக் கையைத்தான். உடல் குறை உள்ளவரைச் சிறையில் கவனித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது வாதம். இந்திய அரசின் வக்கீல் அந்த வீடியோவை நிறுத்தி, இதோ பாருங்கள், இவர் கையை உத்தேசித்து சுவிட்சைக் கட்டில் உயரத்தில் வைத்திருக்கிறோம், இதைவிட வேறென்ன அக்கறை வேண்டும் என்று கேட்டாராம். நீதிபதி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். தீர்ப்புக்கு இன்னும் மூன்று வாரம். யார் வைத்தது என்று தன் வக்கீலிடம் தேவசகாயம் சொல்லவில்லை.

"ஏன் சொல்லல?" என்றாள் ஜெனிட்டா.

"சொன்னா இவன் பொயப்பு போய்டும். கையெயுத்து வாங்கிக்கினுதான உள்ள வுட்ருப்பானுங்க. வெளில சொல்லி மாட்டிக்க இந்தக் குடும்பத்துல நா ஒர்த்தன் போதும்மா."

அழைப்பு முடிந்த பிறகு ஜெனிட்டா தட்டுகளை எடுத்துப்போய்க் கழுவினாள். கழுவின தட்டை மறுபடி கழுவினாள். இரண்டு நாள் வீட்டில் தேவைக்கு மேல் பேச்சில்லை. அது கோபம் இல்லை என்று ஸ்டான்லிக்குத் தெரிந்தது. கோபமாக இருந்தால் தோசை கருகும். தான் அன்பாகச் செய்த ஒன்றை யாரோ எடுத்துத் தங்கள் அன்பு என்று நீதிமன்றத்தில் காட்டியிருக்கிறார்கள். திருடு போனது போலவும் இருந்தது, தானே தூக்கிக் கொடுத்தது போலவும் இருந்தது. இரண்டில் எது என்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தான். மதுராந்தகம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் உட்கார்ந்தும் பார்த்தான். தேவசகாயமும் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி எங்காவது உட்கார்ந்திருப்பார் என்று முதன்முறையாகத் தோன்றியது. அவர் செய்தது சரிதான் என்று அப்போதும் அவனால் சொல்ல முடியவில்லை. ஆனால் எப்படிச் செய்திருப்பார் என்று தெரிந்தது.

மூன்றாம் நாள் ஜெனிட்டாவே ஆரம்பித்தாள்.

"சொல்ல வோணாம்னு நா சொல்லுவேன்னு பாத்துக்கினு கீறியா? சொல்ல மாட்டேன். சொல்லுன்னும் சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் அவுரு, ஒரு பக்கம் நீ. என்னாண்ட கேக்காத."

கோபத்திலும் பாசத்திலும் மட்டும்தான் அவள் அவனை ஒருமையில் பேசுவாள்.

"கேக்கல" என்றான் ஸ்டான்லி. "நாளைக்கு லீவு போடு. செங்கல்பட்டு போலாம்."

அன்றைக்கே கூடுவாஞ்சேரிக்குப் போய் ஜெகதீசனிடம் எல்லாவற்றையும் சொன்னான். உறவு, ஈரச் சுவர் பொய், சுவிட்சைத் தானாகவே அப்படி வைத்ததாக லிஸ்பன் நீதிமன்றத்துக்கு எழுதிக்கொடுக்கப் போவது. ஜெகதீசன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். இடையில் இரண்டு பேர் ஒயர் வாங்க வந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு மறுபடி கேட்டார்.

"பேஜாரு பண்ட்டியே ஸ்டான்லி. அரசாங்க வேல இனிமே எனக்குக் கெடைக்குமா?"

நாளையிலிருந்து வரவேண்டாம் என்று ஜெகதீசன் சொன்னார். பிறகு உள்ளே போய் ஸ்டான்லியின் டிரில்லிங் மெஷினை எடுத்துவந்து, ஒயரைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார். வண்டியைக் கிளப்பும்போது, மச்சானுக்கு எந்தக் கை என்று மட்டும் கேட்டார். வலது கை என்றான் ஸ்டான்லி. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு எதிரே நோட்டரி வக்கீல் செல்வராஜின் அறையில் ஒரு மேசையும் மூன்று நாற்காலியும் இருந்தன. அவர் பொறுமையாகக் கேட்டு எழுதினார். அந்த சுவிட்சை அந்த உயரத்தில் வைக்கச் சொல்லி எந்த அதிகாரியும் சொல்லவில்லை, வரைபடத்திலும் இல்லை, தேவசகாயத்தின் உறவினனான நானே வைத்தேன் என்பது வரை எழுதியாயிற்று. இதனால் வழக்கு வந்தாலும் வரலாம் என்று எச்சரித்தார். தெரியும் என்றான் ஸ்டான்லி.

பிறகு அவர் காரணம் கேட்டார். ஏன் வைத்தீர்கள் என்று ஒரு வரி வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஊர் நீதிபதிக்கு விளங்காது.

ஸ்டான்லி வாயைத் திறந்தான். கட்டில், சுவர், உயரம் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். செல்வராஜ், மனிதாபிமான அடிப்படையில் என்று தானே எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார்.

"அது வோணாம் சார்" என்றாள் ஜெனிட்டா. "அரசாங்கம் சொல்ற மாரியே கீது."

"அப்ப இன்னாம்மா எழுத?"

அவள் ஸ்டான்லியைப் பார்த்தாள். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவுருக்குக் கை தூக்க வராதுன்னு இவுருக்குத் தெரியும். அவ்ளோதான் சார். அத்தயே எழுதுங்க."

செல்வராஜ் பேனாவால் இரண்டு சொற்களை அடித்துவிட்டு அவள் சொன்னதை எழுதினார். அடித்த இடத்தில் ஸ்டான்லி சுருக்கமாக ஒரு கையெழுத்துப் போட்டான். கீழே முழுப் பெயரையும் எழுதினான். சாட்சி என்று இருந்த இடத்தில் உறவினர் போடக்கூடாது என்று செல்வராஜ் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜெனிட்டா பேனாவுக்குக் கையை நீட்டியிருந்தாள்.